அப்பாவுக்கும் வயசு உண்டு!

"ஆம்பளைக்கு ஏதுங்க வயசு?"

மாப்பிள்ளையின் வயதைச் சொல்ல வீட்டார் தயங்கும்போது, தரகர் சட்டென்று எடுத்துவிடுகிற வசனம் இது. பெண்ணுக்கு இருபத்தொன்பது என்றால் 'ஏறிப்போச்சே' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், மாப்பிள்ளைக்கு நாற்பத்தொன்று என்றால் 'அதனால என்ன, நல்ல உத்தியோகம்' என்று முடித்துவிடுவார்கள். துணைக்கு சார்லி சாப்ளினையும் இழுத்துக்கொள்வார்கள். 1962-ல் அவருடைய கடைசிப் பிள்ளை பிறந்தபோது சாப்ளினுக்கு வயது 73. உண்மைதான்.

ஆண் எந்த வயதிலும் அப்பா ஆகலாம் என்பது ஏறக்குறைய சரி. அதற்காக, வயதால் எந்த வித்தியாசமும் வராது என்று அர்த்தமில்லை. இந்த இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது தெரியுமா? பெரும்பாலும் மருமகள் தலையில்!

குழந்தை ஏதோ ஒரு குறையோடு பிறந்துவிட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பித்துவிடும். "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" "இரும்பு மாத்திரைய ஒழுங்கா போட்டியா?" "உங்க பக்கத்துல யாருக்காவது இப்படி உண்டா?" எல்லாக் கேள்வியும் அவளுக்குத்தான். பக்கத்தில் நிற்கும் கணவரிடம் 'உங்களுக்கு வயசு என்ன?' என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர்களில் கூடச் சிலர் கேட்பதில்லை. கேட்கத்தான் வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஏடு பெயர்த்து எழுதுகிற கதை

அச்சு இல்லாத காலத்தில் ஓலைச்சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடியில் எழுதி வைப்பார்கள். அந்தச் சுவடியைப் பார்த்து வேறொருவர் எழுதுவார். ஒரு 'ள' அங்கே 'ழ' ஆகும். ஒரு கால் விட்டுப்போகும். அடுத்தவர் அந்தப் பிழையையும் சேர்த்துப் பெயர்ப்பார், தன் பங்குக்கு ஒன்றும் செய்வார். எத்தனை முறை பெயர்த்து எழுதப்பட்டதோ, அத்தனைக்குப் பிழையும் கூடும்.

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் உள்ளே இருக்கிற டி.என்.ஏ. என்ற சுவடி முழுவதும் ஒருமுறை பெயர்த்து எழுதப்படுகிறது. பிழை திருத்துகிற ஏற்பாடும் செல்லுக்குள்ளேயே உண்டு. பிரமாதமான ஏற்பாடுதான். ஆனாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும்.

இங்கேதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம். ஒரு பெண்ணுக்கு ஆயுள் முழுவதற்குமான கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அதுவரை இருபத்துச் சொச்சம் தடவை பிரிந்திருக்கும். அதன் பிறகு பிரிவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். ஆணின் கதை வேறு. வயதுக்கு வந்த நாளிலிருந்து விந்தணுத் தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கிறது. லீவே கிடையாது! விரையில் இருக்கிற மூலச் செல்கள் சுமார் 16 நாளைக்கு ஒருமுறை பிரிகின்றன. வருடத்துக்கு 23 தடவை. இந்தக் கணக்குப்படி இருபது வயது வாலிபரின் விந்தணு சுமார் 150 தடவை பெயர்த்து எழுதப்பட்ட சுவடி. முப்பதில் 380. நாற்பதில் 610. ஐம்பதில் 840-ஐத் தொட்டுவிடும்.

'ஆம்பளைக்கு வயசே இல்லை' என்று சொல்வதற்கு எந்த ஓயாத உற்பத்தி காரணமோ, அதே உற்பத்திதான் பிழைகளுக்கும் காரணம்.

கடைசிப் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற டாக்டர். 'அகோண்ட்ரோபிளேசியா' என்று ஒரு நிலை உண்டு. உடம்பும் தலையும் ஏறக்குறைய இயல்பாக இருக்கும். கையும் காலும் மட்டும் குட்டையாக இருக்கும். அறிவில் எந்தக் குறையும் இருக்காது. சர்க்கஸிலும் சினிமாவிலும் இவர்களை வைத்துச் சிரிக்க வைத்தார்களே, அவர்களில் பலருக்கு இருந்தது இதுதான். அந்தச் சிரிப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அது கிடக்கட்டும்.

இந்தக் குழந்தைகள் அண்ணன் தம்பி வரிசையில் பெரும்பாலும் கடைசியில் வருவதை வைன்பெர்க் கவனித்து 1912-ல் எழுதினார். கடைசிப் பிள்ளை பிறக்கும்போது அம்மாவுக்கும் வயது கூடியிருக்கும், அப்பாவுக்கும் கூடியிருக்கும், பிரசவங்களின் எண்ணிக்கையும் கூடியிருக்கும். மூன்றில் எது காரணம்? இந்த முடிச்சை லண்டனில் லயனல் பென்ரோஸ் 1955-ல் அவிழ்த்தார். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டதில், மிஞ்சி நின்றது அப்பாவின் வயது! பெயர்த்து எழுதும்போது விழும் பிழைதான் காரணமாக இருக்கும் என்று சொன்னவரும் அவர்தான்.

இவருக்கும் முன்பே, ரத்தம் உறையாத 'ஹீமோஃபீலியா' நோயை வைத்து, புதிய மரபுப் பிழைகள் தாயைவிடத் தந்தை வழியாகத்தான் அதிகம் வருகின்றன என்று 1947-ல் கணக்கிட்டுக் காட்டியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்துக்காரரான இவர் 1957-ல் இந்தியாவுக்கே வந்து தங்கி, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். நம்ம ஆள் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

அகோண்ட்ரோபிளேசியாவுக்கான ஜீன் 1994-ல் பிடிபட்டது. எலும்பு கட்டுமீறி வளராமல் பிரேக் போடுகிற ஜீன் அது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால், சைக்கிள் பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருப்பது போல, எலும்பு வளர்ச்சி தடைப்பட்டுக்கொண்டே இருக்கும். இந்தக் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்குப் பெற்றோர் இருவருமே சாதாரண உயரம்தான். குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. அந்தப் புதிய எழுத்துப் பிழை ஏறக்குறைய எல்லாருக்குமே அப்பா பக்கத்திலிருந்து வந்திருக்கிறது.

'உங்க பக்கத்துல யாருக்காவது உண்டா?' என்று மருமகளைக் கேட்கிற மாமியார் இந்த ஒரு வரியை மட்டுமாவது படித்தால் தேவலை.

ராணி வீட்டு ரத்தம்

இங்கிலாந்தின் விக்டோரியா ராணிக்கு ஒன்பது பிள்ளைகள். அதில் லியோபோல்டுக்கு ஹீமோஃபீலியா. கீழே விழுந்து அடிபட்டு 1884-ல், முப்பதே வயதில் இறந்துபோனார். ராணியின் இரண்டு மகள்கள் தங்களுக்கு நோய் இல்லாமலே அதைச் சுமந்து, ஐரோப்பாவின் மற்ற அரண்மனைகளுக்குக் கொண்டுபோனார்கள். ரஷ்ய ஜார் மன்னரின் ஒரே மகன் அலெக்ஸி வரை அது போயிற்று.

ஆனால் விக்டோரியாவுக்கு முந்திய தலைமுறைகளில் இந்த நோய் இருந்ததற்குத் தடயமே இல்லை! அப்படியானால் எங்கிருந்து முளைத்தது? விக்டோரியா 1819-ல் பிறந்தபோது அவருடைய அப்பா எட்வர்ட் இளவரசருக்கு வயது 51. பட்டத்துக்கு வாரிசு வேண்டுமே என்று முந்தின வருடம்தான் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டவர். அவருக்கு ஹீமோஃபீலியா கிடையாது. அவருடைய விந்தணு ஒன்றில் புதிதாக விழுந்த பிழைதான் மகளுக்குப் போய், பேரப் பிள்ளைகளிடம் நோயாக வெளிப்பட்டிருக்க வேண்டும் என்று பல மரபியல் நிபுணர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஜார் குடும்பத்து எலும்புகளைச் சோதித்து, அது 'ஹீமோஃபீலியா பி' என்ற வகை என்று 2009-ல் உறுதி செய்தார்கள். எட்வர்டின் எலும்பை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே சந்தேகம், சந்தேகமாகவே நிற்கிறது.

பிழையை எண்ணிவிட்டார்கள்

இதெல்லாம் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி, ஐஸ்லாந்தில் நேரடியாகவே எண்ணிப் பார்த்துவிட்டார்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் டி.என்.ஏ.வையும் எழுத்தெழுத்தாகப் படித்து, பெற்றோர் இருவரிடமும் இல்லாத எழுத்து பிள்ளையிடம் எத்தனை என்று கணக்கெடுத்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. இருபது வயது அப்பா தருகிற புதிய பிழைகள் சுமார் 25. நாற்பது வயது அப்பா தருவது சுமார் 65. வருடத்துக்கு இரண்டு வீதம் ஏறுகிறது. அம்மா தருவது சுமார் 15. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து 2017-ல் மறுபடி எண்ணியபோது அப்பா பக்கம் வருடத்துக்கு ஒன்றரை, அம்மா பக்கம் மூன்று வருடத்துக்கு ஒன்று என்று கொஞ்சம் திருத்தம் வந்தது. அம்மாவின் வயதும் இதில் பங்கு பெறுகிறது. அப்பாவினுடையது நாலு மடங்கு.

65 பிழையா என்று பதறிப்போகாதீர்கள். அப்பா கொடுக்கிற சுவடியில் சுமார் 300 கோடி எழுத்துகள். பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் அச்சடித்தால் 15 லட்சம் பக்கம். அதில் 65 பிழை! எங்கள் பத்திரிகையின் பிழை திருத்துபவர் கேட்டால் பொறாமைப்படுவார். தவிர, உடம்புக்கு வேலை செய்கிற புரதங்களைத் தயாரிக்கும் ஜீன் பகுதி அந்தப் பக்கங்களில் நூற்றுக்கு ஒன்றரைதான். மற்ற இடங்களில் விழுகிற பிழை பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடும். நீங்களும் நானும் அப்படி அறுபது எழுபது பிழைகளோடு பிறந்தவர்கள்தான்.

அகோண்ட்ரோபிளேசியா ஏறக்குறைய 25,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. அப்பாவின் வயதால் அது ஐந்து மடங்கு ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 5,000-ல் ஒன்று. மீதி 4,999 குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 'ஐந்து மடங்கு' என்று யாராவது பயமுறுத்தினால், எதில் ஐந்து மடங்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

நெல்லுக்குள் கோரை

ஒரு புதிர் மட்டும் ஆராய்ச்சியாளர்களைத் தூங்க விடவில்லை. பெயர்க்கும்போது விழுகிற பிழை என்றால் எல்லா ஜீனிலும் ஒரே மாதிரிதானே விழ வேண்டும்? அகோண்ட்ரோபிளேசியாவும், விரல்கள் ஒட்டிக்கொண்டு மண்டை ஓடு சீக்கிரமே மூடிக்கொள்ளும் 'ஏப்பர்ட்' நோயும் மட்டும் ஏன் கணக்குக்கு மீறி வருகின்றன?

ஆக்ஸ்ஃபோர்டில் ஆன் கோரியலி, ஆண்ட்ரூ வில்கி என்ற இருவர் 2003-ல் ஒரு விடை சொன்னார்கள். சாதாரணப் பிழை விழுந்த செல், மற்ற செல்களோடு சமமாக வாழும். ஆனால் இந்த ஒரு சில பிழைகள் விழுந்த மூலச் செல்லுக்கு, பக்கத்தில் இருப்பவற்றைவிடச் சற்று வேகமாகப் பெருகுகிற சலுகை கிடைத்துவிடுகிறது. நெல் வயலில் ஒரு கோரை முளைத்தால் என்ன ஆகும்? முதல் வருடம் கண்ணுக்கே தெரியாது. விட்டுவிட்டால் பத்து வருடத்தில் திட்டுத் திட்டாகப் பரவி நிற்கும். அதே கதைதான். அமெரிக்காவில் ஒரு குழுவினர் இறந்தவர்களிடமிருந்து தானமாகக் கிடைத்த விரையை 192 துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஏப்பர்ட் பிழையைத் தேடினார்கள். எல்லாத் துண்டிலும் சமமாக இல்லை. ஓரிரு துண்டுகளில் மட்டும் கொத்தாகக் கிடைத்தது. 2007-ல் இது வெளிவந்தது. கோரைத் திட்டு கண்ணில் பட்டுவிட்டது!

செல்லுக்கு லாபம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு நஷ்டம். அப்பாவுக்கு எந்த வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை.

எதற்கெல்லாம் அப்பா காரணம் இல்லை?

டவுன் சிண்ட்ரோம் என்றதும் வயதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அது தாயின் வயதோடு சம்பந்தப்பட்டது. அங்கே நடப்பது எழுத்துப் பிழையல்ல; வருடக்கணக்காகக் காத்திருந்த முட்டையில், குரோமோசோம்களைச் சரிபாதியாகப் பங்கு பிரிக்கும்போது ஏற்படும் குளறுபடி. பத்தில் ஒன்பது டவுன் குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் குரோமோசோம் தாயிடமிருந்துதான் வந்திருக்கிறது. இருபது வயதுத் தாய்க்கு 1,500-ல் ஒன்று என்றிருப்பது, முப்பத்தைந்தில் 350-ல் ஒன்றாகி, நாற்பதில் 100-ல் ஒன்றாகிறது. அம்மா பக்கம் பங்கு பிரிப்பதில் தப்பு, அப்பா பக்கம் காப்பி அடிப்பதில் தப்பு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வரும் நோய்களும் வேறு வகை. அவை புதிய பிழைகள் அல்ல. தாத்தா பாட்டி வழியாக இரண்டு பக்கமும் ஒளிந்து வந்த பழைய பிழைகள் ஒன்றுசேர்வது. ஆனால் அக்காள் மகளைக் கட்டுகிற தாய்மாமனுக்குப் பெரும்பாலும் பெண்ணைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட இருக்குமே... அங்கே இரண்டு கணக்கும் சேர்ந்துகொள்ளலாம்.

மனநோய்களின் கதை இன்னும் சிக்கலானது. ஜெருசலேமில் பிறந்த சுமார் 88,000 பேரை வைத்து 2001-ல் வந்த ஆய்வில், அப்பாவுக்கு 25-க்குள் இருந்தால் 141 பேரில் ஒருவருக்கும், 50-க்கு மேல் இருந்தால் 47 பேரில் ஒருவருக்கும் மனச்சிதைவு நோய் வந்திருந்தது. ஆட்டிசத்திலும் இதே மாதிரி ஒரு தொடர்பு பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் இதற்கெல்லாம் விந்தணுப் பிழை மட்டுமே காரணமா, அல்லது லேட்டாகக் கல்யாணம் ஆகிறவர்களிடம் முன்பே இருக்கும் சில சுபாவங்களும் காரணமா என்ற வாதம் ஓயவில்லை. எனக்கென்னவோ இரண்டும் கலந்துதான் இருக்கும் என்று படுகிறது.

சரி, என்ன செய்யலாம்?

தங்கைகளைக் கரையேற்றி, வீட்டுக் கடனை அடைத்து, துபாயிலிருந்து திரும்பி வந்து முப்பத்தொன்பது வயதில் மாலை மாற்றுகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. நாற்பது என்பது வாசலில் தொங்கும் பூட்டும் அல்ல. ஏணியில் படிப்படியாக ஏறுகிற மாதிரி வருடா வருடம் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கல்யாணம் ஆனபிறகு 'கார் வாங்கிட்டு, ஃபிளாட் வாங்கிட்டு' என்று தள்ளிப்போடுகிற தம்பதிகள், மனைவியின் வயதை மட்டும் காலண்டரில் பார்க்காமல் கணவரின் வயதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

"செமன் டெஸ்ட் எடுத்தோம், எல்லாம் நார்மல் டாக்டர்" என்பார்கள். சந்தோஷம். ஆனால் அந்த டெஸ்ட் விந்தணுவின் எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் இவற்றைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் எழுத்தைப் படிக்காது. கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து எடுக்கும் புதிய வகைக் குரோமோசோம் பரிசோதனையும் பெரும்பாலும் குரோமோசோமின் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனையும், 18 முதல் 20 வார ஸ்கேனையும் யாரும் தவறவிடக் கூடாது. அப்பாவுக்கு நாற்பது தாண்டியிருந்தால் ஸ்கேன் டாக்டரிடம் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அகோண்ட்ரோபிளேசியாவில் கை கால் எலும்பு பின்தங்குவது ஆறு, ஏழு மாதத்துக்குப் பிறகுதான் ஸ்கேனில் தெரியும். ஐந்தாம் மாத ஸ்கேன் சுத்தமாக இருந்ததே என்று டாக்டர் மேல் பாய வேண்டாம்.

சிகரெட்டை விட்டால், மதுவை விட்டால், எடையைக் குறைத்தால் பலன் உண்டா? உண்டு. ஒரு விந்தணு தயாராக சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. எனவே மூன்று மாதத்தில் எண்ணிக்கையும் ஓட்டமும் தேறலாம். ஆனால் மூலச் செல்லில் ஏற்கெனவே விழுந்துவிட்ட பிழையை எந்த மாத்திரையும் அழிக்காது. 'இழந்த இளமை திரும்பும்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த லேகியமும் அழிக்காது.

சிறு வயதிலேயே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கும் வசதி நகரங்களில் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிற இளைஞர்களுக்கு அது அவசியம். மற்றவர்கள் வெறும் வயதுக்குப் பயந்து அந்தச் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கு 2021-ல் வந்த நம் நாட்டுச் சட்டம் பெண்ணுக்கு 50 வயது என்று எல்லை போட்டதோடு நிற்காமல் ஆணுக்கும் 55 என்று எல்லை போட்டிருக்கிறது. சட்டத்துக்காவது ஆம்பளை வயசு தெரிந்திருக்கிறதே!

ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோர் இருவரும் சாதாரண உயரம் என்றால், அடுத்த குழந்தைக்கும் அகோண்ட்ரோபிளேசியா வருகிற வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. 'இனிமே வேண்டாம்' என்று அவசர முடிவு எடுக்காதீர்கள். இந்தக் குழந்தை வளர்ந்து, கல்யாணம் ஆகி, பிள்ளை பெறும்போதுதான் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கைக்குழந்தையாக இருக்கும்போது கழுத்தும் முதுகும் பலப்படும் முன் உட்கார வைத்துப் பழக்காதீர்கள். தூக்கத்தில் குறட்டையோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்; முதல் இரண்டு வருடம் இதில் கவனம் வேண்டும். எலும்பு வளர்ச்சிக்குத் தினமும் போடுகிற ஊசி மருந்து ஒன்றுக்கு 2021-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. விலைதான் மலைக்க வைக்கும். 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் வளர்ச்சிக் குறைவால் வரும் குள்ளத்தன்மையும் இருக்கிறது. சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் படிப்புக்கும் வேலைக்கும் உதவும்.

மரபியல் ஆலோசனைக்குப் போகும்போது கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள். ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி தொடங்கி எல்லார் பெயரையும், யார் பிறந்தபோது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன வயது என்பதையும் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கருச்சிதைவுகளை விட்டுவிடாதீர்கள்; நாற்பது தாண்டிய அப்பாக்களின் விஷயத்தில் அதுவும் சற்றே கூடுகிறது. குழந்தையின் எக்ஸ்ரே, பழைய ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள். வயதைக் கேட்டால் கணவரே பதில் சொல்லட்டும். ஜாதகத்தில் குறைத்துப் போட்ட வயது அல்ல, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கிற வயதும் அல்ல; நிஜ வயது.